தினமும் ஓட வேண்டிய பழைய கார்

கேள்வி: அப்பா பயன்படுத்திய 1974-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டையிலுள்ள அலுவலகத்துக்கு அதில் நாள்தோறும் சென்றுவர விரும்புகிறேன். வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துவிடு என்கிறார் சித்தப்பா; முதலில் ஏ.சி. பொருத்து என்கிறார்கள் நண்பர்கள். தங்கள் ஆலோசனை என்ன?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். மும்பையில் 2023 அக்டோபர் வரை பத்மினி டாக்சிகள் ஓடின; அன்றாட உழைப்புக்கு இந்த வண்டி ஏற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சித்தப்பாவின் யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்காக 2021-இல் வந்த வின்டேஜ் விதிகளின்படி பதிவு செய்தால், கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி கிடையாது. வழக்கமான பதிவையே தகுதிச் சான்றுடன் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள்.

நீண்ட காலம் நின்ற வண்டியில் இரும்பைவிட ரப்பரே முதலில் கெடுகிறது என்பதால், பெயின்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் செலவிடும் முன் பிரேக்கைக் கவனியுங்கள். உங்களுடையது போன்ற அந்தக் காலத்து வண்டியில் பிரேக் எண்ணெய் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே சுற்றில் செல்கிறது. ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் மிதி முழுவதும் கீழே போய்விடும், கைப்பிரேக் ஒன்றே மிஞ்சும். ஆகவே மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர்களின் வாஷர்கள், ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பொருத்தித் தருவாரானால், இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் செலவுகளில் அதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பேன். சீட் பெல்ட்டையும் வெறும் தகட்டில் முடுக்காமல், உள்ளே வலுவூட்டிய பிறகே பொருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது எரிபொருள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் ஊறவைத்துக் கெடுப்பதோடு, ஈரத்தை இழுத்து டாங்கிலும் துருவேற்றும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, டாங்கைக் கழற்றிக் கழுவி, பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டரும் வையுங்கள். சித்திரை வெயிலில் பத்தமடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுக்கும்போது வண்டி கிளம்ப மறுத்தால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகியிருக்கும். குழாயைச் சூடான பாகங்களிலிருந்து விலக்கிக் கட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும்.

ஏ.சி.யை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 1089 சி.சி. கொண்ட இந்தச் சிறிய எஞ்சினின் இழுவையில் கணிசமான பங்கை ஏ.சி.யின் கம்ப்ரசர் எடுத்துக்கொள்ளும்; வெப்பத்தை வெளியேற்றும் அதன் கண்டென்சரின் சூடும் ரேடியேட்டருக்குக் கூடுதல் சுமை. கூரைக்கும் தரைக்கும் அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு ஒட்டி, முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால், ஓடும் வண்டியில் காற்று நன்றாகவே வரும். உண்மையான சுகம் இருக்கையில் இருக்கிறது: தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றிப் புதிய ஃபோம் வைத்தால், நீண்ட பயணத்திலும் இடுப்பு வலிக்காது.

மழைக்காலத்தில் விளக்கும் வைப்பரும் சேர்ந்து இயங்கும்போது மின்சாரம் தரும் பழைய டைனமோ திணறும் என்பதால் அதற்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்துவது நல்லது. எஞ்சினின் தீப்பொறிக்கு உதவும் பிளாட்டினம் பாயிண்ட், அதனுடன் சேர்ந்த சிறிய கண்டென்சர் (ஏ.சி.யின் கண்டென்சர் அல்ல), ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றில் ஒவ்வொன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். முதல் சில வாரங்கள் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வரை மட்டும் ஓட்டி, எங்கே கசிகிறது, எது சூடாகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகு பாளையங்கோட்டைக்கு எடுத்துச் செல்லுங்கள்.