வாசகர் கேள்வி – பதில்: புதிய பாதையில் பழைய பாக்கெட்டுகள்

கேள்வி: கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் வலையமைப்புக் காவல் கருவிகளான ஃபயர்வால்களைக் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டிலிருந்தே பராமரித்து வருகிறேன். எங்கள் ஜப்பான் கிளையின் இணைப்பை அண்மையில் 'ஐபிஓஇ' என்ற புதிய இணைப்பு முறைக்கு மாற்றினார்கள். பழைய இணைய நெறிமுறையான ஐபிவி4-இன் போக்குவரத்து முழுவதும் இப்போது புதிய நெறிமுறையான ஐபிவி6-இன் டனல் (ஒன்றுக்குள் ஒன்றை வைத்துச் சுமக்கும் வழி) ஊடாகப் போகிறது. பிங் என்ற இணைப்புச் சோதனை ஒழுங்காக வருகிறது, யூடியூப் ஓடுகிறது, ஆனால் சில தளங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. தலைமை அலுவலகத்தோடு இருந்த விபிஎன் என்ற தனிப் பாதுகாப்பு இணைப்பு அறுந்துவிட்டது. கோளாறு ஃபயர்வாலிலா, இணைப்பிலா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் இரண்டுமே பழுதாகவில்லை, இணைப்பு மாறியபோது ஃபயர்வாலின் அமைப்புகள் அதற்கேற்ப மாறவில்லை என்றே தோன்றுகிறது.

ஜப்பானில் என்டிடி கிழக்கு, மேற்கு நிறுவனங்களின் ஃபைபர் வலையமைப்பில் பிபிபிஓஇ என்ற பழைய முறை இணைப்புகள் அனைத்தும் குறிப்பிட்ட முனையக் கருவிகளைக் கடந்தே வெளியே போக வேண்டியிருந்ததால், மாலை நேரங்களில் அங்கே நெரிசல் ஏற்பட்டது. ஐபிஓஇ அந்த இடத்தைத் தவிர்த்துவிடுகிறது, ஆனால் அது நேரடியாகச் சுமப்பது ஐபிவி6 மட்டுமே. எனவே ஐபிவி4 பாக்கெட் (தரவுப் பொதி) ஒவ்வொன்றையும் உங்கள் ஃபயர்வால் ஒரு ஐபிவி6 தலைப்புக்குள் (முகவரி தாங்கும் முன்பகுதிக்குள்) வைத்து அனுப்புகிறது. சேவையாளரின் எல்லையில் உள்ள கருவி அதைப் பிரித்து ஐபிவி4 இணையத்தில் விடுகிறது. கொங்கன் ரயில் பாதையில் சரக்கு லாரியை அப்படியே தட்டை வேகன்மேல் ஏற்றிக்கொண்டு போவதைப் போன்றது இது. லாரியின் உயரத்தோடு வேகனின் உயரமும் சேர்ந்துவிடுவதால், சாலையில் தடையின்றிப் போன லாரி மலைக்குகை வாயிலில் முட்டக்கூடும்.

உங்கள் முதல் தொல்லை அந்த உயரம்தான். ஈதர்நெட் இணைப்பில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1,500 பைட். ஐபிவி6 தலைப்புக்கு 40 பைட் போக, உள்ளே செல்லும் ஐபிவி4 பாக்கெட்டுக்கு 1,460 பைட் மிஞ்சுகிறது. பிங் பாக்கெட் சிறியது, ஆகவே தடையின்றிப் போகும். யூடியூப் போன்றவை பெரும்பாலும் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை 1,200 பைட் அளவில் தொடங்கி, பாதையின் கொள்ளளவைத் தானே சோதித்து வளர்வதால் அதற்கும் இடையூறு இல்லை. டிசிபி என்ற பழைய நெறிமுறையை மட்டும் நம்பியிருக்கும் தளமோ முழு அளவு பாக்கெட்டை அனுப்பிவிட்டு, 'பெரிதாக இருக்கிறது' என்ற அறிவிப்பு வழியில் எங்கோ ஃபயர்வாலால் தடுக்கப்பட்டதால், பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1,432 பைட் தரவுள்ள பிங் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அது போய், 1,433 போகவில்லை என்றால் ஐயமே வேண்டாம். டனல் இன்டர்ஃபேஸில் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவை) 1,460 என்றும், டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை (பாக்கெட்டுக்குள் இருக்கும் தரவின் உச்ச அளவை) 1,420 என்றும் வையுங்கள். பழைய இணைப்பில் இதற்கென்று ஓர் அமைப்பு இருந்திருக்கும். பிபிபிஓஇ இன்டர்ஃபேஸை நீக்கியபோது அதுவும் சேர்ந்து போயிருக்கும். ஐபிவி6-இல் இத்தகைய அறிவிப்புகளைச் சுமக்கும் ஐசிஎம்பிவி6 முழுவதையும் தடுக்கும் விதி ஏதேனும் இருந்தால் அதை உடனே தளர்த்துங்கள். ஐபிவி4 காலத்தில் ஐசிஎம்பியை அடைத்துவைப்பது பாதுகாப்பின் அடையாளம் என்று கருதப்பட்டது. ஐபிவி6-இல் இடைவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால், அந்தப் பழக்கம் இணைப்பையே கெடுத்துவிடும்.

விபிஎன் அறுந்ததற்குக் காரணம் வேறு. உங்கள் டனல் எந்த வகை என்று முதலில் சேவையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2011-இல் ஆர்எஃப்சி 6333 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த டிஎஸ்-லைட் வகை என்றால், 'நாட்' எனப்படும் முகவரி மாற்றம் முழுவதும் சேவையாளரின் கருவியிலேயே நடக்கிறது. உங்கள் கிளைக்கென்று ஒரு பொது ஐபிவி4 முகவரி கிடையாது, வெளியிலிருந்து யாரும் அதைத் தேடி வர முடியாது. டனல் இன்டர்ஃபேஸில் நீங்களும் நாட் போட்டிருந்தால் அது தேவையற்ற இரட்டை வேலை. 2015-இல் ஆர்எஃப்சி 7597 வரையறுத்த மேப்-இ வகை என்றால், நாட் உங்கள் ஃபயர்வாலிலேயே நடக்கும். ஆனால் ஒரே ஐபிவி4 முகவரியைப் பலர் பகிர்வதால், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட போர்ட்டுகளை (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்களை) மட்டுமே பயன்படுத்த முடியும். கணக்கு எளியது: மொத்தப் போர்ட்டுகள் 65,536. முதல் 4,096-ஐ விட்டுவிட்டு மீதியை 256 சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 240 வரும். வீட்டுக்கு அது போதும். முப்பது பேர் உலாவியில் பத்துப் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் அலுவலகத்தில் பிற்பகலுக்குள் திணறல் தொடங்கிவிடும். ஃபயர்வாலின் நாட் ஒரே போர்ட்டை வெவ்வேறு சேருமிடங்களுக்கு மறுபடியும் பயன்படுத்துமா என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை தலைமை அலுவலகம் கிளையின் நிலையான முகவரியைத் தேடி விபிஎன்னைத் தொடங்கியிருந்தால், இப்போது அது தேடும் முகவரியே இல்லை. கிளையிலிருந்து தொடங்கும்படி மாற்றி, விபிஎன்னின் மறையாக்க நெறிமுறையான ஐபிசெக்கை யூடிபி 4500 என்ற போர்ட் வழியாக அனுப்பினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபிவி4 முகவரியோடு டனல் தரும் சேவைகளும் உண்டு. ஆனால் எங்கள் யோசனை இரண்டும் அல்ல. கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு நிலையான ஐபிவி6 முகவரி கிடைக்குமானால், விபிஎன்னின் இரு முனைகளையும் ஐபிவி6-இலேயே அமைத்து, உள்ளே உங்கள் பழைய 192.168 வலையமைப்புகளை ஓட விடுங்கள். விபிஎன்னின் சாவிகளைப் பரிமாறும் ஐகேஇ நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. அப்போது பகிர்ந்த முகவரியின் தொல்லை, போர்ட் கணக்கு, டனலுக்குள் டனல் என்ற சுமை எதுவும் விபிஎன்னைத் தொடாது. சேவையாளரின் டனல் வெறும் இணைய உலாவலுக்கு மட்டும் பயன்படும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். இந்த டனலில் மறையாக்கம் எதுவும் இல்லை. அது சுமக்கும் வழியே தவிர காவல் அல்ல. வெளியிலிருந்து வரும் நெறிமுறை எண் 4 (உள்ளே ஐபிவி4 சுமக்கும்) பாக்கெட்டுகளைச் சேவையாளரின் கருவி முகவரியிலிருந்து மட்டுமே ஏற்கும்படி விதி எழுதுங்கள். இவ்வளவு காலம் ஐபிவி4 முகவரி மாற்றத்துக்குப் பின்னால் மறைந்திருந்த கணினிகளுக்கும் பிரிண்டர்களுக்கும் இப்போது உலகறிந்த ஐபிவி6 முகவரிகள் கிடைத்திருக்கும் என்பதால், ஐபிவி6-க்கான உள்வரும் விதிகளையும் தனியே சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: புதிய நெறிமுறை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் பழையதை ஏன் இன்னும் தோளில் சுமக்க வேண்டும்? ஒரே நாளில் மாறினால் என்ன?
– கல்லூரி மாணவி, நகரி

பதில்: 1981-இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4-ம், 1990-களில் உருவான ஐபிவி6-ம் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச முடியாதவை. 2011 பிப்ரவரியில், முகவரிகளை உலகளவில் பங்கிடும் ஐயானாவின் கையிருப்பில் இருந்த ஐபிவி4 தொகுதிகள் தீர்ந்தன. ஆனால் அந்த முகவரிகளில் இயங்கும் தளங்களும் கருவிகளும் தீரவில்லை. தொடக்கத்தில் ஐபிவி6 பாக்கெட்டுகள்தாம் ஐபிவி4 டனல்களுக்குள் ஒண்டிக்கொண்டு போயின. இப்போது விருந்தாளியும் வீட்டுக்காரரும் இடம் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். புத்தடி, போடி இணைய ஏலங்களைக் கைபேசி நெட்டில் பார்ப்பேன். என் போனில் 192.0.0.4 என்று ஒரு விசித்திரமான முகவரி தெரிகிறது, யாராவது ஊடுருவியிருக்கிறார்களா? மேலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மொபைல் சிம் ரவுட்டரோடு வைத்த கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை.
– ஒரு வியாபாரி, குமுளி

பதில்: ஊடுருவல் இல்லை. ஐபிவி6 மட்டும் தரும் மொபைல் வலையமைப்பில், பழைய செயலிகளுக்காக ஆண்ட்ராய்டு தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. 464எக்ஸ்லாட் எனப்படும் இம்முறை 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.3 முதல் இருக்கிறது. மேலே கொழிஞ்சாம்பாறை வாசகருக்குச் சொன்னதிலிருந்து இது சற்று மாறுபட்டது: இங்கே ஐபிவி4 தலைப்பை உள்ளே வைத்துச் சுமப்பதில்லை, அதை எடுத்துவிட்டு ஐபிவி6 தலைப்பாகவே மாற்றிவிடுகிறார்கள், ஆகவே கூடும் சுமை 20 பைட் மட்டுமே.

கேமராவின் சிக்கல் மட்டும் முதல் வாசகருடையதே. பகிர்ந்த ஐபிவி4 முகவரிக்குள் வெளியிலிருந்து நுழைய முடியாது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு போட்டாலும் பயனில்லை, அதற்கென்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். கேமராவே தன் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பைத் தொடங்கிக்கொள்ளும் வகையில் அதன் செயலியில் பதிவு செய்யுங்கள், முதல் வேலையாகக் கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிட்டு.