ஆதாம் பாவம் செய்யாதிருந்தால் கிறிஸ்துமஸ் உண்டா?

கேள்வி: ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன், "ஆதாம் அந்தப் பழத்தைத் தின்னாமல் இருந்திருந்தால் இயேசு பிறந்திருப்பாரா டீச்சர்?" என்று கேட்டான். "நிச்சயம் பிறந்திருப்பார்" என்றேன். மூத்த ஆசிரியர் ஒருவர், "இது தப்பறை, திருச்சபைப் போதனைக்கே முரணானது. பாவம் வந்ததால்தான் மீட்பர் வந்தார்" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். நான் சொன்னது தவறா?
- மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்

பதில்: தப்பறை இல்லை. "நிச்சயம்" என்ற சொல்தான் கொஞ்சம் அதிகம். திருச்சபை இன்றுவரை தீர்ப்புச் சொல்லாத வழக்கு இது.

மூத்தவர் பக்கம் நிற்பவர் சாமானியர் அல்ல, இடைக்கால இறையியல் மேதை புனித தாமஸ் அக்குவினாஸ். இறைவனின் விருப்பத்தை விவிலியம் வழியாகவே அறிகிறோம். மனிதவதாரத்துக்கு, அதாவது இறைமகன் மனிதரானதற்கு, விவிலியம் எங்கும் காட்டும் காரணம் பாவம்தான். ஆகவே பாவம் இல்லையேல் மனிதவதாரமும் இல்லை என்பதே பொருத்தம் என்கிறார். உயிர்ப்பு விழாவின் பாஸ்கா இரவில் பாடும் புகழுரையும், மீட்பரைப் பெற்றுத் தந்ததால் ஆதாமின் குற்றத்தைப் பேறுபெற்றது என்றே கொண்டாடுகிறது. ஆனால், பாவம் இல்லாமலும் இறைவனால் மனிதராகியிருக்க முடியும் என்று அதே பதிலில் தாமஸ் சேர்த்துக்கொள்கிறார். கடிந்துகொண்டவர் அந்த வரியை வாசிக்கவில்லை போலும்.

உங்கள் பக்கம் 1308இல் கொலோனில் இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ். ஒழுங்காகத் திட்டமிடுபவர் முதலில் இலக்கையே விரும்புவார் என்பது அவர் வாதம். இறைவனின் செயல்களிலேயே தலைசிறந்தது, அவர் முதலில் விரும்பிய இலக்கு, கிறிஸ்துவின் மனிதவதாரம். அந்த மாபெரும் செயல் ஆதாமின் சறுக்கலை நம்பியா இருந்தது? அப்படியானால் அவன் விழுந்ததற்காக நாம் மகிழ வேண்டிவருமே என்று கேட்கிறார். கொலோசையர் 1:15 கிறிஸ்துவைப் படைப்பனைத்திலும் தலைப்பேறு, அதாவது முதற்பிறப்பு, என்பது இவர் தரப்புக்குப் பெரிய பலம். பாவம் மாற்றியது வருகையை அல்ல, வந்த விதத்தை: துன்புறும் உடலும் சிலுவையும் பாவத்தால் வந்தவை.

எனக்கு ஸ்கோட்டஸின் வாதமே பிடித்திருக்கிறது. ஆதாமிடமிருந்து எல்லாருக்கும் வரும் ஜென்மப் பாவமின்றி மரியா உற்பவித்தார் என்பதிலும் தாமஸ் தயங்கினார், ஸ்கோட்டஸ் வாதாடினார். 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதையே விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். அதற்காக இந்த வழக்கிலும் ஸ்கோட்டஸே வென்றுவிட்டார் என்று சொல்லிவிட முடியாது.

சிறுவனிடம் இரண்டு பதில்களையும் சொல்லுங்கள். அவனுக்கு எது சரியாகப் படுகிறது, ஏன் என்று கேளுங்கள். பாவம் அற்ப விஷயம் என்று மட்டும் அவன் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்த வரலாற்றில் கிறிஸ்து நம் பாவத்துக்காகவே இறந்தார் என்பதில் அந்த இருவருக்குள்ளும் சண்டையே இல்லை.