வாசகர் கேள்வி – பதில்: ஏரிக்கரைப் படகுச் சங்கமும் டிங்கிப் பந்தயமும்

பிரிட்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சில, அருகிலுள்ள சிறிய பாய்மரப் படகுச் சங்கங்களில் சேர்வது பற்றியும் அங்கு நடக்கும் டிங்கிப் பந்தயங்கள் பற்றியும் கேட்டு எழுதியுள்ளன. அத்தகைய ஒரு சங்கத்தில் நெடுநாள் உறுப்பினராக இருந்து வருபவன் என்ற முறையில் இம்முறை அக்கடிதங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தில் ஒரு படகுச் சங்கம் இருக்கிறது. பள்ளித் தோழியுடன் அங்கே போய் வந்த எங்கள் பதினொரு வயது மகள் தானும் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இது பணக்காரர் விளையாட்டு என்றும், தண்ணீரில் பிள்ளையை விடுவது ஆபத்து என்றும் என் கணவர் தயங்குகிறார். ஐயா, தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? (நாட்டிங்ஹாமிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாகச் சேர்த்துவிடுங்கள், அம்மா. கோடிகளில் விலைபோகும் உல்லாசப் படகுகளை மனத்தில் வைத்தே உங்கள் கணவர் பேசுகிறார் என்று நினைக்கிறேன். டிங்கி என்பது வேறு. பெரும்பாலும் இரண்டரை முதல் ஐந்து மீட்டர் வரை நீளமுள்ள, அடியில் கனத்த எடைக்கட்டை இல்லாத, ஒருவரோ இருவரோ தங்கள் உடல் எடையைக் கொண்டே சாயாமல் நிறுத்தி ஓட்டும் திறந்த படகு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தண்ணீர் புகாத ஒட்டுப்பலகையும் பசையும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், சாதாரண வருமானக்காரர்கள் வீட்டுக் கொட்டகையில் தாங்களே படகு கட்டிக்கொள்ள முடிந்தது. ஜாக் ஹோல்ட் என்ற வடிவமைப்பாளர் 1949-இல் ஜி.பி.14 படகையும் 1956-இல் எண்டர்பிரைஸ் படகையும் தந்தார். பின்னர் அவரும், வீட்டைத் தாமே சீர்செய்துகொள்ளும் வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய மிரர் படகு, டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் 1963-இல் வெளிவந்தது. வெட்டிக் கொடுத்த பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவை ஒட்டிப் பிசின் பூசினால் படகு தயார். அப்போது அதன் விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். சிவப்புப் பாய் கட்டிய அந்தப் படகுகள் எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. இன்று நாம் காணும் ஏரிக்கரைச் சங்கங்கள் பலவும் அந்தக் காலத்துப் பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் தொழிலாளர்களும் நீர்த்தேக்கங்களிலும், மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் நிரம்பிய குட்டைகளிலும் கூடித் தொடங்கியவைதாம். குடும்பச் சந்தா பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு பவுண்டுகளுக்குள் அடங்கும். சொந்தப் படகு தொடக்கத்தில் தேவையில்லை, ஏனெனில் பல சங்கங்கள் உறுப்பினர்களுக்குத் தங்கள் படகுகளைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன.

ஆபத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் மகள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று படகைக் கவிழ்ப்பதாகவே இருக்கும். மிதவைச் சட்டை அணிந்த பிள்ளை, பயிற்சியாளர் அருகில் இருக்க, படகை வேண்டுமென்றே சாய்த்து நீரில் விழுவாள். பிறகு நீந்திச் சுற்றிவந்து, படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பற்றி, அதன்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்வாள். நனைந்த பாய் முதலில் அசையவே அசையாது, நீர் வடியத் தொடங்கிய பின் மெல்ல எழும், எழுந்த வேகத்தில் படகு நிமிர்ந்துவிடும். இதை இரண்டு மூன்று முறை தானே செய்துவிட்ட பிள்ளைக்குக் கவிழ்வதைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் போய்விடுகிறது. பந்தயத்தின்போது விசைப்படகில் மீட்புக் குழு ஒன்று நீரில் இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது குளிரைத்தான். மே மாதத்திலும் ஏரி நீர் உடலை விறைக்கச் செய்யும் என்பதால் நீரில் குளிர் தாங்கும் ‘வெட்சூட்’ என்னும் நல்ல உடை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: சென்ற ஞாயிறு பந்தயத்தில் ஒருவர் ஓட்டும் டிங்கி வகையான, பெரிய பாய் கட்டிய என் ஐ.எல்.சி.ஏ. படகு எல்லாப் படகுகளுக்கும் முன்பாகக் கோட்டைக் கடந்தது. முடிவுப் பட்டியலிலோ எனக்கு நான்காம் இடம். டாப்பர் என்னும் சிறிய டிங்கியில் எனக்குப் பின்னால் வெகுநேரம் கழித்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இரண்டாம் இடம். இது என்ன கணக்கு? (லீட்ஸிலிருந்து ஒரு பொறியாளர்)

பதில்: போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்னும் கணக்கு. சிறிய சங்கத்தில் ஒரே வகைப் படகு இருபது சேர்வது அரிது. நீண்ட படகும் குட்டைப் படகும், புதியதும் பழையதும், ஒருவர் ஓட்டுவதும் இருவர் ஓட்டுவதும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் தரப்படுகிறது. அது மெதுவான படகுக்குப் பெரியதாகவும் வேகமான படகுக்குச் சிறியதாகவும் இருக்கும். எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே திருத்திய நேரம். உங்கள் பெரிய பாய்ப் படகின் எண் ஏறத்தாழ 1100. அச்சிறுவன் ஓட்டியது டாப்பர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் எண் ஏறத்தாழ 1370. நீங்கள் 55 நிமிடத்தில் முடித்திருந்தால் உங்கள் திருத்திய நேரம் 50 நிமிடம். அவன் 67 நிமிடம் எடுத்திருந்தாலும் அவனுடையது 48 நிமிடம் 54 விநாடிதான். பன்னிரண்டு நிமிடம் பின்னால் வந்தவன் ஒரு நிமிடத்துக்கும் மேல் உங்களை முந்திவிட்டான்.

இந்த எண்கள் எவரும் மேசையில் அமர்ந்து கற்பனை செய்தவை அல்ல. சங்கங்கள் அனுப்பும் உண்மையான பந்தய முடிவுகளைத் தொகுத்து, பிரிட்டனில் இவ்விளையாட்டின் தேசிய அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷன் ஆண்டுதோறும் பட்டியலைத் திருத்தி வெளியிடுகிறது. அது சராசரிக் கணக்கு என்பதால் குறிப்பிட்ட ஒரு நாளில் எல்லாருக்கும் நியாயமாக அமையாது. காற்று மிக மந்தமாக இருந்தாலோ, பாதிப் பந்தயத்தில் காற்று வலுத்துப் பின்தங்கிய படகுகளுக்குச் சாதகமானாலோ ஒருசாராருக்கு மனக்குறை ஏற்படத்தான் செய்யும். ஆயினும் இந்தக் கணக்கு இல்லாவிட்டால் அந்தச் சிறுவனும் நீங்களும் ஒரே பந்தயத்தில் கலந்துகொள்ளவே வழியில்லை. ஆறு படகுகள் மட்டுமே வரும் ஒரு குளிர்கால ஞாயிற்றிலும் பந்தயம் நடப்பது இதனால்தான்.

கேள்வி: பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையை நெருங்கும்போது ஒரு முதியவர் என்னைப் பார்த்து "ஸ்டார்போர்டு!" என்று உரக்கக் கத்தினார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. தவறு யாருடையது, நடுவர் யார் என்பதே எனக்குத் தெரியவில்லை. (கோவென்ட்ரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அது வசையன்று, எச்சரிக்கை. ஸ்டார்போர்டு என்றால் படகின் வலப்புறம். படகின் வலப்புறமிருந்து காற்றை வாங்கி வருபவருக்கு வழியுரிமை உண்டு, இடப்புறமிருந்து வாங்கி வருபவர் ஒதுங்க வேண்டும் என்பது பந்தய விதிகளில் பத்தாவது. அவர் தமக்குள்ள உரிமையை முன்கூட்டியே உங்களுக்கு அறிவித்திருக்கிறார். காற்றில் குரல் கேட்க வேண்டும் என்பதால் எல்லாரும் கத்தத்தான் செய்வார்கள்.

சங்கப் பந்தயங்களில் பொதுவாக நீரின்மேல் நடுவர் கிடையாது. இவ்விளையாட்டில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். மிதவையைத் தொட்டுவிட்டால், எவரும் பாராவிட்டாலும் நீங்களே விலகிச் சென்று படகை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். இன்னொருவரின் வழியுரிமையை மீறினால் இரண்டு சுற்று. தவறு யாருடையது என்பதில் உடன்பாடு இல்லையென்றால் அங்கேயே "புரொட்டெஸ்ட்" என்று குரல் கொடுத்து, கரையேறிய பின் எழுதிக் கொடுக்கலாம். உறுப்பினர்கள் சிலர் அமர்ந்து இருதரப்பையும் கேட்டு முடிவு சொல்வார்கள். இந்த விதிநூலை இவ்விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, இப்போது நடப்பிலிருப்பது 2025–2028 பதிப்பு. ஆபத்தில் இருக்கும் எவருக்கும் இயன்ற உதவி அனைத்தையும் செய்தாக வேண்டும் என்பதே அதன் முதல் விதி. உதவப் போய் இடத்தை இழந்தவருக்கு அதை ஈடுசெய்யவும் நூலில் வழி உண்டு. அடுத்த வாரம் அந்த முதியவரிடமே சென்று விளக்கம் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியுடன் சொல்லித்தருவார் என்றே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: சந்தா கட்டிச் சேர்ந்த சில வாரங்களிலேயே மின்னஞ்சலில் ஒரு முறைப்பட்டியல் வந்தது. ஒரு ஞாயிறு மீட்புப் படகில் உதவியாளர், ஒரு ஞாயிறு பந்தய அலுவலருக்குத் துணை, இன்னொரு ஞாயிறு சமையலறை. பணமும் கொடுத்து வேலையும் செய்ய வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறார். மேலும், பந்தயம் முடிந்ததும் எல்லாரும் மதுக்கூடத்தில் கூடுகிறார்கள். நாங்கள் குடிப்பதில்லை, ஆகவே உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டுதல் ஏற்படவில்லை. (லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செய்யத்தான் வேண்டும், விருப்பத்தோடு செய்யுங்கள். நீங்கள் சேர்ந்திருப்பது பணத்துக்குச் சேவை விற்கும் நிறுவனத்தில் அல்ல. சிறிய சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் பெரும்பாலும் ஒருவர்கூட இருக்கமாட்டார். கமடோர் எனப்படும் தலைவர் முதல் கழிப்பறையைக் கழுவுபவர் வரை அனைவரும் உறுப்பினர்களே, பல சங்கங்களில் அவ்விரு வேலையையும் ஒருவரே செய்வதுண்டு. ஊர்க் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பம் மண்டகப்படி ஏற்பதுபோல, ஒவ்வொரு ஞாயிற்றையும் நான்கைந்து பேர் பொறுப்பேற்று நடத்திக்கொடுக்கிறார்கள். உங்கள் பந்தயங்களை எல்லாம் பிறர் கரையில் நின்று நடத்தித் தந்தார்கள், உங்கள் முறை வரும்போது நீங்கள் அவர்களுக்கு நடத்தித் தருகிறீர்கள். பல சங்கங்கள், பணியாற்றிய நாளுக்கும் அந்த உறுப்பினரின் சராசரிப் புள்ளியை, பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் தொடர்பட்டியலில் சேர்த்துக்கொள்வதால் போட்டியிலும் நட்டமில்லை.

பந்தய அலுவலருக்குத் துணையிருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். காற்றைப் பார்த்து மிதவைகளை இடச் சொல்வதிலிருந்து அவருடைய வேலை தொடங்குகிறது. புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு முதற்கொடி ஏறும், ஒலி எழும். நான்கு நிமிடம் இருக்கையில் நடுவில் வெள்ளைச் சதுரமுள்ள நீலக் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கையில் இறங்கும். கணக்கு கொடிக்குத்தான், ஊதுகுழல் அடைத்துக்கொண்டாலும் பந்தயம் தொடங்கிவிடும். அதன்பின் துணையாளர், சுற்று முடித்து வரும் ஒவ்வொரு படகின் பாய் எண்ணையும் நேரத்தையும் தாளில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு படகுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கோட்டைக் கடக்கும்போது, அலுவலர் எண்களை உரக்கச் சொல்ல நீங்கள் எழுதும் அந்தச் சில விநாடிகளில், யார் எந்தப் படகு என்பது உங்கள் மனத்தில் பதிந்துவிடும். யார் காற்றின் திருப்பத்தை முன்னரே கண்டு திரும்புகிறார், யார் கரையோர மரங்களின் மறைவில் சிக்கிக்கொள்கிறார் என்பது படகில் இருக்கும்போது தெரிவதைவிடக் கரையிலிருந்து தெளிவாகத் தெரியும்.

சமையலறை நாளில் தேநீர், கேக், ரொட்டி, சூப்பு போதும். நம் வீட்டு எலுமிச்சைச் சாதத்தையும் பருப்பு வடையையும் கொண்டு போகலாம், அவை மிஞ்சி வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடுகு, எள், நிலக்கடலை மூன்றும் ஒவ்வாமைப் பொருள்களாகப் பிரிட்டிஷ் சட்டப் பட்டியலில் உள்ளவை. தாளிதத்தில் எதைச் சேர்த்தீர்களோ அதைத் தாளில் எழுதிப் பாத்திரத்தின் முன் வைத்துவிடுங்கள்.

மதுக்கூடத்தைப் பொறுத்தவரை, தேநீர்க் கோப்பையுடன் உட்காருங்கள். உங்களை எவரும் வற்புறுத்தமாட்டார்கள். அங்கே நடக்கும் உண்மையான காரியம் பேச்சு. உப்புச் சிமிழை மிதவையாக நிறுத்தி, கரண்டிகளைப் படகுகளாக நகர்த்தி, எந்த இடத்தில் காற்று திரும்பியது, யார் யாரை உள்வளைவில் விட்டிருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள். புதியவர் ஒருவர் "ஏன் அப்படி?" என்று கேட்டால் மூன்று பேர் விளக்க முன்வருவார்கள். பந்தயம் முடிந்த கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுபவர் பாடத்தின் பாதியை இழக்கிறார். ஆண்டிறுதி விருந்துக்கும் பரிசளிப்புக்கும் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வசந்த காலத்தில் கரையைச் சீர்செய்யும் உழைப்பு நாள் வரும்போது கையுறையுடன் போய் நில்லுங்கள். ஒட்டுதல் என்று நீங்கள் சொல்வது இத்தகைய நாள்களில்தான் உண்டாகிறது.

கேள்வி: நம் ஊரில் இதற்கெல்லாம் இடமுண்டா? (மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உண்டு. சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருந்துவருகிறது. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் தொடக்கத்துக்குக் காரணமானவர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணி. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் அவர் பங்கேற்றார். லீட்ஸ் வாசகர் ஓட்டும் அதே படகுடலில் சிறிய பாய் பொருத்திய வகையே அவருடையது.

கேள்வி: பழைய படகு ஒன்று வாங்க எண்ணுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (டார்பியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: விளம்பரத்தைப் பார்க்கும் முன் உங்கள் சங்கத்தின் படகுத் திடலைப் பாருங்கள். அங்கே எந்த வகை அதிகமோ அதையே வாங்கினால் உதிரிப்பாகத்துக்கும் ஆலோசனைக்கும் அலைய வேண்டியதில்லை, உங்கள் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் பக்கத்தில் ஆள் இருக்கும். மரப்படகு என்றால் பாய்மரத்தின் அடி பொருந்தும் இடத்தையும் பின்பலகையின் கீழ் ஓரத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் மரம் உளுத்திருக்கிறது, விட்டுவிடுங்கள். கண்ணாடியிழைப் படகு என்றால் காற்றறைகளின் மூடியைத் திறந்து உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாய் பழையதாக இருப்பதைப் பற்றி முதலாண்டில் கவலை வேண்டா. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத படகைப் பெரும்பாலான சங்கங்கள் நீரில் இறக்க விடுவதில்லை, ஆகவே அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். கரையிலிருந்து நீருக்குத் தள்ளிச் செல்லும் கைவண்டி விலையில் சேர்ந்ததா என்றும் மறக்காமல் கேளுங்கள். தனியாக வாங்கப்போனால் அதன் விலை சில சமயம் பழைய படகின் விலையையே எட்டிவிடும்.