ஊசிமுனைத் துளியில் மனம் வைத்த மகள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து கடிதம் எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கும் உங்கள் மகளுக்கு உள்ளூரில் மருத்துவ இடம் கிடைப்பது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டதால், வெளிநாட்டுக்கு அனுப்பியாவது அவளை டாக்டராக்க வேண்டும் என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகவும், அதற்காக வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டை விற்பது பற்றிப் பேசிவருவதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டை விற்காதீர்கள்.

சம்பளத்திலிருந்து சேமிக்கப்படும் மத்திய சேம நிதியின் கல்விக் கடன் திட்டம் வெளிநாட்டுப் படிப்புக்குப் பொருந்தாது. ஆகவே கட்டணம் முழுவதையும் உங்கள் கையிருப்பிலிருந்தோ வங்கிக் கடனாகவோதான் கட்ட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமாக, சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பட்டியலில் இல்லாத கல்லூரியின் அடிப்படைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய இயலாது. பெரியப்பா சொல்லும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடிதத்தின் இறுதியில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். பள்ளி ஆய்வுத் திட்டத்துக்காகப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குச் சென்ற மகள், மருந்து கலந்த நானோ இழையால் ஆன வெள்ளைத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசினாளாம். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

அவள் கண்டது மின்நூற்பு. உடலில் தானே சிதையும் பாலிமரையும் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) மருந்தையும் கரைப்பானில் கலந்து, ஊசி வழியே மிக மெதுவாகத் தள்ளுவார்கள். ஊசிக்கும் எதிரிலுள்ள உலோகத் தட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்தால், முனையில் தொங்கும் துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து பாயும் தாரை சாட்டைபோல் சுழன்று, கரைப்பான் ஆவியாக, தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய இழையாகத் தட்டில் படியும். 1934இலேயே ஆன்டன் ஃபோர்மால்ஸ் இம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்தக் கூம்பின் கணக்கை 1964இல் ஆங்கிலேய இயற்பியலர் ஜெஃப்ரி டெய்லர் விளக்கினார்.

மருந்து எத்தனை நாள் கசிய வேண்டும் என்பதைப் பாலிமரின் தேர்வு பெரிதும் தீர்மானிக்கிறது. பிஎல்ஜிஏ என்ற பாலிமர் லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் பிரியக்கூடியது. இரண்டும் சரிபாதியாக இருந்தால் ஓரிரு மாதங்களில் சிதைந்துவிடும். பாலிகாப்ரோலாக்டோன் என்ற பாலிமரோ ஈராண்டுக்கு மேலும் தாங்கும். இழையின் பரப்பு மிகப் பெரிது என்பதால் முதல் சில மணி நேரத்திலேயே மருந்தின் பெரும்பங்கு வெளியேறிவிடுவது இத்துறையின் பெரிய தலைவலி. ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரட்டை ஊசியால் மருந்தை உள்ளே வைத்து, பாலிமரை உறையாக நூற்பது அதைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று. கட்டியை அகற்றிய இடத்தில் இத்தகைய தாளை வைத்து, மருந்தை உடலெங்கும் பரவவிடாமல் அங்கேயே சிறிது சிறிதாகக் கொடுக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். உங்கள் மகள் இரவு வெகுநேரம் பேசியதில் வியப்பில்லை.

இதற்கான வாசல் உறவினர்கள் வாயில் வராத பொருளறிவியல் பொறியியல் படிப்பு, அதாவது உலோகம், பாலிமர் போன்ற பொருள்களின் அமைப்பையும் பண்பையும் ஆராயும் படிப்பு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அது நான்காண்டுப் பட்டம். இரண்டாவதில் பணியாற்றிய பேராசிரியர் சீராம் ராமகிருஷ்ணா இத்துறையில் உலகறிந்தவர். குடிமக்களுக்கு அரசாங்கக் கட்டண மானியமும் உண்டு. மற்றப் படிப்புகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் பட்டத்தோடு நின்றால் இழை நூற்கும் ஆய்வு வேலை கிடைப்பது அரிது. பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவைப்படும். ஆனால் ஆய்வு உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணத்தோடு மாதந்தோறும் செலவுக்கும் பணம் வரும், வீட்டை விற்க வேண்டியதில்லை. ஆய்வில் நாட்டம் குறைந்தாலும், மருத்துவக் கருவி நிறுவனங்களிலும் கணினிச் சில்லு ஆலைகளிலும் அதே பட்டத்துக்கு வேலை உண்டு.

பெரியப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். அதற்கு முன், அந்தத் தாளை இன்னொரு முறை எடுத்துவரச் சொல்லி, எந்தப் பாலிமர், எத்தனை நாளில் கரையும், தன் கையால் நூற்றுப் பார்த்தாளா, பார்த்திருந்தால் எங்கே தவறியது என்று மகளிடம் நீங்களே கேளுங்கள்.