சிறிய இணையக் கடையில் வாங்குபவரைக் கணக்கு துவங்கச் சொல்ல வேண்டுமா? அவருடைய மின்னஞ்சலுக்கு விளம்பரம் அனுப்பலாமா?

கேள்வி: "வேலூரில் இருந்துகொண்டு கைத்தறித் துணிகளை இணையத்தில் விற்கச் சிறிய கடை ஒன்று துவங்குகிறேன். வாங்குபவர் ஒவ்வொருவரும் கணக்கு துவங்கியே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டால் பிற்பாடு விளம்பரம் அனுப்ப வசதியாக இருக்கும் என்கிறார் தளம் அமைத்துத் தருபவர். அப்படிச் செய்யலாமா?"

செய்ய வேண்டாம் என்பதே என் பதில். குடியாத்தத்தில் என் மாமனார் நடத்தும் கைலிக் கடையின் இணைய விற்பனையை 2022 முதல் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சொல்லப்படும் இதே யோசனையை எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன், அதன் பலனை நன்றாக அனுபவித்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன்.

முதலில் 'கணக்கு' என்ற சொல்லிலேயே எங்களுக்கு இடறியது. தளத்தின் பணம் செலுத்தும் பக்கத்தில் "கணக்கு துவங்கவும்" என்று பெரிய பொத்தானாக வைத்திருந்தோம். பேரணாம்பட்டிலிருந்து எங்கள் கடைக்கு முப்பது ஆண்டுகளாக வந்துபோகும் பெரியவர் ஒருவர், பேரன் கைபேசியில் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சத்தம் போட்டார்: "இன்னாம்மா இது, ரெண்டு கைலிக்குப் போயி கணக்கு தொறக்கச் சொல்லுது? கையில காசு வெச்சிக்கினு கடன் வாங்குற ஆளா நானு?" எங்கள் பக்கத்தில் ஒருவர் கடையில் கணக்கு வைத்திருக்கிறார் என்றால் பற்று வைத்திருக்கிறார் என்றுதான் பொருள், மாமனாரின் கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கும் நீள நோட்டில் பெயர் ஏறியவர்களுக்கே அந்தச் சொல் பொருந்தும். ரொக்கம் கொடுத்து வாங்குபவரிடம் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. அவர் கோபத்தில் இருந்த நியாயம் எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை.

கடையில் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன என்பதைத் தளம் அமைப்பவர்கள் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை. பொருளை அனுப்பப் பெயர், முகவரி, கைபேசி எண், ரசீது போய்ச் சேர ஒரு மின்னஞ்சல் ஆகியவை தேவை, அது ஆர்டர். கடவுச்சொல் வைத்துக்கொண்டு, பழைய ஆர்டர்களையும் முகவரியையும் சேமித்து வைப்பது கணக்கு. புதுச் சரக்கும் தள்ளுபடியும் வரும்போது தெரிவிக்கும்படி ஒருவர் தாமாகச் சொல்லிச் சேர்வது விளம்பரப் பட்டியல். ஆர்டர் கொடுத்தவர் கணக்கு கேட்டவர் ஆகமாட்டார். கணக்கு வைத்திருப்பவரும் விளம்பரம் கேட்டவர் ஆகமாட்டார். மென்பொருளில் ஒரு டிக் வைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும் என்பதால்தான் இந்த வசதி கண்ணை உறுத்தாமல் இருக்கிறது.

இணையக் கடை அமைக்கும் மென்பொருளான வூகாமர்ஸில் கணக்கு இல்லாமலே ஆர்டர் கொடுக்க அனுமதிக்கும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். அதே வேலையைச் செய்யும் ஷாப்பிஃபையின் புதிய வாடிக்கையாளர் கணக்குகளில் கடவுச்சொல்லே கிடையாது, மின்னஞ்சலுக்கு வரும் 6 இலக்க எண்ணை இட்டு நுழையலாம். ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்கு அது எவ்வளவோ மேல். தீபாவளிக்கு ஒரு கைலி வாங்குபவர் அடுத்த தீபாவளி வரை ஒரு கடவுச்சொல்லை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. வைத்திருந்தால் அது அவர் வங்கிக்கும் பயன்படுத்தும் அதே கடவுச்சொல்லாக இருக்கும், அதைக் காக்கும் பொறுப்பு நம் தலையில் ஏறும். ஆம்பூரிலும் வாலாஜாவிலும் இருந்து டஜன் கணக்கில் எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு மட்டும் கணக்கு உண்மையிலேயே பயன்படுகிறது. அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் ஆர்டர்களைப் புரட்டிப் பார்த்தபோது ஒரே மின்னஞ்சல் முகவரி பதினொரு ஆர்டர்களில் இருந்தது. பதினொன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு தெரு. விசாரித்தால், அது ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துபவரின் முகவரி. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு ஆர்டர் போட்டுக் கொடுக்கும்போது தம்முடையதையே தட்டச்சு செய்திருக்கிறார். நாங்கள் மின்னஞ்சலை வைத்துத் தானாகவே கணக்கு உருவாகும்படி வைத்திருந்ததால், அந்தப் பதினொரு வீட்டு முகவரிகளும் கைபேசி எண்களும் அவர் ஒருவர் நுழைந்தால் தெரியும்படி வரிசையாக நின்றன. அவர் நல்ல மனிதர், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாங்கள் செய்து வைத்திருந்தது என்னவோ தெருவில் நோட்டைத் திறந்து போட்டது போலத்தான்.

இனி விளம்பர விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஆடி மாதத்தில், அதுவரை ஆர்டர் கொடுத்திருந்த ஏறக்குறைய 600 பேருடைய முகவரிகளையும் எடுத்து, "ஆடித் தள்ளுபடி" என்று ஒரு மின்னஞ்சலை ஒரே இரவில் அனுப்பினேன். பணம் செலுத்தும் பக்கத்தின் அடியில் "சலுகைகளைத் தெரிவிக்கவும்" என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டுத்தான் இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. எனவே எல்லோரும் சம்மதித்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் சில ஆர்டர்கள் வந்தது உண்மை. நான்காம் நாள் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் அழைத்தார். யுபிஐயில் பணம் போய்விட்டது, ஆர்டர் உறுதியான செய்தி வரவில்லை, சந்தேகப்பட்டு மறுபடியும் செலுத்தியிருக்கிறார். இப்போது இரண்டு முறை பணம் போயிருக்கிறது. "உங்கள் கடை இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். அவருடைய ரசீது ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. அடுத்த வாரத்தில் அதே போல நான்கு அழைப்புகள்.

காரணத்தைத் தேடிப் பிடிக்க எனக்குச் சில நாட்கள் ஆயின. ரசீதும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து போயின. விளம்பரத்தின் அடியில் "இனி வேண்டாம்" என்ற இணைப்பு இருந்தது. அதை அழுத்தினால் கணக்குப் பக்கம் திறந்து கடவுச்சொல் கேட்டது. கணக்கைத்தான் நாங்களாகவே அவர்கள் பெயரில் உருவாக்கியிருந்தோமே, அவர்களுக்கு ஏது கடவுச்சொல்? வெளியே போகக் கதவு தேடியவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, ஜிமெயிலில் எப்போதும் திறந்திருக்கும் கதவான "ஸ்பேம் எனப் புகாரளி" என்பதை அழுத்தியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மின்னஞ்சல் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் அமைத்திருக்க வேண்டும், விளம்பர மின்னஞ்சலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், விலகக் கேட்டவரை 2 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அந்த 5,000 எட்டாத தொலைவுதான், ஆனால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பதும் எல்லோருக்கும் சொல்லப்பட்டதே. 600 பேருக்கு 0.3 சதவீதம் என்றால் இரண்டு பேர்கூட முழுதாக இல்லை. பெரிய நிறுவனத்துக்கு இரண்டு பேர் கோபம் ஒரு தூசி. எங்களுக்கு அதுவே எல்லையைத் தாண்டிய கணக்கு.

பிறகு நாங்கள் செய்தது இது. ரசீதும் அனுப்பும் தகவலும் கடையின் பெயரிலுள்ள முகவரியிலிருந்தும், விளம்பரம் அதே பெயருக்கு முன்னால் வேறொரு சொல் சேர்த்த துணை டொமைனிலிருந்தும் போகும்படி பிரித்தோம். ஒன்றின் கெட்ட பெயர் மற்றதை முழுதாகத் தொற்றாமல் இருக்க இது உதவும். ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராக அனுப்புவதை நிறுத்திவிட்டு, அடையாளச் சான்றுகளோடு அனுப்பும் சேவை ஒன்றுக்கு மாறினோம். அந்த 600 முகவரிகளையும் விளம்பரப் பட்டியலிலிருந்து முழுக்க அழித்தேன். மாமனாருக்கு அது பெரிய நஷ்டமாகப் பட்டது. "சேர்த்த ஆளுங்களை நீயே தொரத்துறியேம்மா" என்றார். டிக் இல்லாத வெற்றுக் கட்டத்தை வைத்து மறுபடி துவங்கினோம். ஓராண்டில் 90 பேர் அளவில் தாமாகச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த 90 பேருக்கு அனுப்பும்போது வரும் ஆர்டர், 600 பேருக்கு அனுப்பியபோது வந்ததற்குச் சற்றும் குறையவில்லை. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று சேவைகள் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கடிதத்திலுள்ள படம் இறங்கினால் திறந்ததாக எண்ணுகிறார்கள்; ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காதவரும் படித்தவராகத் தெரிவார்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் தள உத்திகளைப் பட்டியலிடுகின்றன; அவற்றுள் 'கட்டாயச் செயல்' என்பதற்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பொருள் வாங்க வேண்டுமானால் செய்திமடலில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று வைப்பது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், வாங்குவதற்கான சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்த கட்டத்தால் பதிவு செய்யக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டன. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன்னும் தெளிவாகப் பேசுகிறது: சம்மதம் எளிதாகக் கொடுக்கப்பட்ட அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அந்தச் சட்டத்திலேயே ஓர் அழகான உதாரணம் உண்டு. மருந்துக் கடையில் வாங்கும் ஒருவர், பணம் பெற்றதற்கான ரசீதைத் தம் கைபேசிக்கு அனுப்பச் சொல்லி எண்ணைக் கொடுக்கிறார். கடை அந்த எண்ணை அந்த ரசீதை அனுப்பப் பயன்படுத்தலாம். உதாரணம் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இப்போது துவங்கும் நீங்கள் முதல் நாளே சரியாக அமைத்துக்கொண்டால் பிறகு பிரித்துக் கட்டும் வேலை மிச்சம்.

குறுஞ்செய்தியில் விளம்பரம் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ் அனுப்புபவர் பெயரையும் செய்தியின் மாதிரி வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேண்டாதவர் 1909க்குச் சொல்லித் தடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கு அப்படி வாசலில் காவலாளி இல்லாததால்தான் எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள்.

யாராவது தம் கணக்கை அழிக்கச் சொன்னால் தடுமாற வேண்டாம். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் பில்களை அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டியது சட்டம். அதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு, கடவுச்சொல், சேமித்த முகவரி, விளம்பரப் பட்டியலில் உள்ள பெயர் ஆகியவற்றை அன்றே எடுத்துவிடுங்கள். இதுவரை என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் மூன்று பேர். மூவருக்கும் இந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் மின்னஞ்சலால் பயனே இல்லையா என்று கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருக்கிறது. கைத்தறியில் ஒரு சாயப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் சாயமிட்ட நூல், முடிந்துவிட்டால் அதே நிறமும் அதே கட்டமும் மறுபடி தறியில் ஏற மாதங்கள் ஆகலாம். எங்களிடம் கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்ட மூட்டிய கைலி ஒன்று உண்டு; அது தீர்ந்த பக்கத்தில் "வந்ததும் தெரிவிக்கவும்" என்று ஒரு சிறு கட்டம் வைத்திருக்கிறேன். அதில் முகவரி தருபவர் கேட்பது ஒரே ஒரு கடிதத்தை. பாவு இறங்கி, துணி கஞ்சி போட்டு மடிப்புக்கு வந்த அன்று அந்தக் கடிதம் போகும். போனபின் அந்த முகவரி அழிந்துவிடும். சென்ற முறை அதில் 14 பேர் இருந்தார்கள், 9 பேர் அன்று மாலைக்குள் வாங்கிவிட்டார்கள். ஆடித் தள்ளுபடிக் கடிதத்துக்கு வராத நன்றிப் பதில்கூட இதற்கு வந்தது. பட்டியலில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டில் இரண்டே முறை, ரம்ஜானுக்கு மூன்று வாரம் முன்பும் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பும் எழுதுகிறேன். அதற்கு மேல் சொல்வதற்கு ஒரு கைலிக் கடையிடம் என்ன செய்தி இருக்கப்போகிறது?

பொத்தானில் இப்போது "கணக்கு" என்ற சொல் இல்லை, "அடுத்த முறைக்கு முகவரியைச் சேமித்து வைக்கவா?" என்று, ஆர்டர் முடிந்த பிறகு வரும் பக்கத்தில் ஒரு வரியாகக் கேட்கிறோம். பேரணாம்பட்டுப் பெரியவர் அதையும் தொடுவதில்லை. அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நானே தளத்தின் உள்ளே ஆர்டரைப் பதிந்துகொள்கிறேன். மின்னஞ்சல் கட்டத்தைக் காலியாக விட்டாலும் அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்கிறது.