உங்கள் மகள் திரையில் சுழற்றிப் பார்க்கும் அந்தப் படம்

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. மகள் மருத்துவம் வேண்டாம் என்கிறாள். ஏதோ ஒரு பாக்டீரியா நொதியின் படத்தைக் கணினியில் சுழற்றிக்கொண்டே இருக்கிறாள். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு இதையா படிப்பாய்?" என்று மாமாவும் சித்தப்பாவும் கேட்கிறார்கள். அவர்கள் பேச்சை நான் ஏற்கவில்லை. விருப்பமில்லாத பிள்ளையைக் கடன் வாங்கி மருத்துவத்தில் சேர்க்காதீர்கள். அந்தக் கடனை அவர்கள் அடைக்கப்போவதில்லை.

அது என்ன படம் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் பீட்டா-கேலக்டோசிடேஸ்; பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை இரண்டாக வெட்டும் நொதி. நொதி என்பது ஒரு புரதம்; அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகள் கோத்த சங்கிலி. இதில் சங்கிலிக்கு 1,023 அமினோ அமிலங்கள், அப்படி நான்கு சங்கிலிகள். அதைப் படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண அமைப்பு 1994-இல் வெளியானது. ஆனால் நொதி சர்க்கரையை நொடியில் வெட்டிவிடுவதால், சர்க்கரை முழுதாக உள்ளே அமர்ந்திருக்கும் நிலையைப் பிடிப்பது கடினம். அதற்காக 537-ஆம் இடத்தில் இருந்த குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுக் குளுட்டமின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை வைத்தார்கள். ஓர் ஆக்ஸிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன், அவ்வளவுதான். வடிவம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, வெட்டும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது. வெட்டுப்படாத லாக்டோஸ் படிகத்துக்குள் தெரிந்தது. எவ்வளவு அழகான யோசனை!

இந்தத் துறைக்குக் கட்டமைப்பு உயிரியல் என்று பெயர். தூய்மையாக்கிய நொதியை உப்புக் கரைசலோடு ஓரிரு மைக்ரோலிட்டர் சொட்டாகக் கலந்து மூடிவைத்து, நாள்கணக்கில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பல சொட்டுகளில் வெறும் கலங்கல்தான் இருக்கும். படிகம் வந்துவிட்டால் நைலான் வளையத்தில் அள்ளி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எக்ஸ் கதிரில் காட்டுவார்கள்; கதிர் சிதறும் விதத்திலிருந்து நொதியின் வடிவத்தைக் கணக்கிடுவார்கள். மருந்து நிறுவனங்களுக்கும் நொதி தயாரிப்பாளர்களுக்கும் இந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் தேவை.

"இதைக் கணினியே கணித்துவிடுமே" என்று உங்கள் அண்ணன் மகன் சொன்னாராம். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்காக 2024-இல் நோபல் கொடுத்தார்கள், சரி. ஆனால் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் நொதியின் வேலை என்னவாகும் என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

முனைவர் பட்டம் வரை போக வேண்டும், நல்ல சம்பளம் தாமதமாகத்தான் வரும். இதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். முனைவர் படிப்புக்கு, உதவித்தொகை தரும் ஆய்வகத்தில் மட்டுமே சேரட்டும். இப்போதைக்கு எந்தச் சான்றிதழ் வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டாம். இப்படிக் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும், 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கி எல்லோருக்கும் இலவசம். இளநிலையில் வேதியியலோ உயிர்வேதியியலோ எடுக்கட்டும். சேரும் முன், மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்களா என்று துறையில் நேரில் கேளுங்கள். மழுப்பினால் அங்கே கட்டணம் கட்டாதீர்கள்.