தொழுவத்தில் வளர்ந்த எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 58. அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், மாட்டுத் தொழுவமும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தேன். இப்போது காட்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று மாதமாக வறட்டு இருமலும் இருக்கிறது. மாட்டோடும் மண்ணோடும் வளர்ந்தவர்களுக்கு நெஞ்சு நோய் வராது என்று உறவினர்கள் சொல்வதால் மருத்துவரிடம் போகவில்லை. நான்கு வயதுப் பேரனுக்கு வீசிங் உண்டு. அவனை ஊருக்கு அனுப்பித் தொழுவத்தில் விளையாடவிட்டால் சரியாகுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் உறவினர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அதை நம்பி மூன்று மாதத்தைக் கடத்திவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். மரபணுவிலும் உணவுப் பழக்கத்திலும் பெரிதும் ஒத்திருப்பவர்கள். ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுது, தொழுவத்தை வீட்டருகிலேயே வைத்திருப்பவர்கள். ஹட்டரைட் மக்களோ இயந்திரங்களைக் கொண்டு பெரும் பண்ணைகளை நடத்துபவர்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஆஸ்துமா ஆமிஷ் சமூகத்தில் 5.2 விழுக்காடும் ஹட்டரைட் சமூகத்தில் 21.3 விழுக்காடும் என்று பதிவாகியிருந்தது. தொழுவத்துத் தூசியில் உள்ள நுண்ணுயிர்க் கூறுகள் குழந்தையின் எதிர்ப்பாற்றலைப் பழக்கி, ஒவ்வாமைப் போக்கைத் தணிக்கின்றன என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தப் பாதுகாப்பு ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவுக்கு எதிரானது. புகை நுரையீரலுக்குச் செய்யும் கேட்டை அது தடுக்காது. நுரையீரல் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்ந்து முழுத் திறனை எட்டி, அதன் பிறகு சிறிது சிறிதாகத் திறன் குறைகிறது. விறகும் வரட்டியும் எரியும் சமையலறையிலும், கரும்புச் சக்கையை எரித்துப் பாகு காய்ச்சும் கொட்டகையிலும் வளரும் பிள்ளையின் நுரையீரல் அந்த முழுத் திறனை எட்டாமலே போகலாம். அப்படியானால் வயதின் தேய்மானம் மற்றவர்களுக்கு எழுபதில் காட்டுவதை அவருக்கு ஐம்பதிலேயே காட்டிவிடும். பீடி, சிகரெட்டைத் தொடாத நம் பெண்கள் பலர் நாட்பட்ட மூச்சடைப்பு நோயோடு வருவதற்கு அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம்.

பூசணம் பிடித்த சக்கையையும் ஈர வைக்கோலையும் கிளறும்போது எழும் தூசி வேறொரு வகையில் கெடுதல் செய்கிறது. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த சிலருக்கு நுரையீரல் அழன்று, நாளடைவில் தழும்பேறி விறைத்துப்போகிறது. வறட்டு இருமலும் படியேறும்போது மூச்சு வாங்குவதும் அதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம். உங்களுக்கு இன்னதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரத்தச்சோகையும் இதயக் கோளாறும்கூட இப்படி மூச்சு வாங்க வைக்கும். ஆகையால் இந்த வாரமே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான வேறிடத்திலோ நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியவை முதலில் தேவைப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் காசநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். கொட்டகையில் எத்தனை ஆண்டுகள் இருந்தீர்கள், எதை எரித்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், பழகிவிடும் என்று அஞ்சி ஒதுக்காதீர்கள். மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது.

பேரன் ஊருக்குத் தாராளமாகப் போகட்டும், ஆனால் அதை மருத்துவமாக நினைத்து அனுப்பாதீர்கள். தொழுவம் தரும் பாதுகாப்பு, தாயின் வயிற்றில் இருக்கும்போதும் முதல் வயதிலும் கிடைத்தவர்களிடமே அதிகம் காணப்பட்டது. ஏற்கெனவே வீசிங் உள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு வைக்கோல் தூசியே இழுப்பைக் கிளப்பிவிடக்கூடும். அவனுடைய இன்ஹேலரும், அதில் பொருத்தி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழலும் பையில் இருக்கட்டும். வெல்லம் காய்ச்சும் நாட்களில் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். கறந்த பால் நல்லது என்று யாராவது பச்சையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். புருசெல்லா காய்ச்சலும் மாட்டுக் காசநோயும் அப்படித் தொற்றக்கூடியவை என்பதால், பொங்கக் காய்ச்சிய பிறகே கொடுக்கச் சொல்லுங்கள்.